கூத்துப் பழகப் போகலாமோ என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, கனடாவுக்கு, இந்த ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம், பேஸ்மென்டில் இருப்பு, கிழமையில் ஐந்து இரவு வேலை என்று எழுதியிருந்தீர். வேலையிடத்து அண்ணர் ஒருவர் சனிக்கிழமைகளில் கூத்துப் பழக வரச்சொல்கிறார். மட்டக்களப்பில் இருந்தபோதே ஆடாத நான் இங்கே வந்து ஆடுவதா, அந்த நேரத்துக்கு இன்னொரு ஷிஃப்ட் செய்தால் கடனாவது குறையுமே என்பது உம்முடைய கேள்வி.

கடன் கழுத்தை நெரிக்குதென்றால் முதலில் அதைக் கட்டும். இல்லையென்றால் போம். நான் இருபது வருசத்துக்கு மேலாய்ப் போகிறேன்.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு கிழமை முழுக்க ஒருத்தரோடும் தமிழில் கதைக்காமல் கழிந்ததுண்டு. அப்படி ஒரு சனிக்கிழமை தெரிந்தவர் ஒரு பாடசாலை மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். கூத்துப் பழக்குகிற ஆசானான அண்ணாவியாருக்குப் பகலில் துப்புரவு வேலை. மத்தளத்தைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வெளிக்குளிர் தோலை விட்டுப் போகும்வரை வாசிக்க விடமாட்டார், அதுவரை கைத்தாளம்தான். எனக்கும் ஆடத் தெரியாது. பிற்பாட்டில் நிற்கவிட்டார். அவர் ஒரு வரி பாட, நாங்கள் ஏழெட்டுப் பேர் அதை வாங்கித் திருப்பிப் பாடவேணும். அன்று தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தேன். இந்த நாட்டில் முதன்முதலாய் நிம்மதியாய் நித்திரை கொண்டது அன்றைக்குத்தான்.

ஊரில்போல விடிய விடிய ஆட இங்கே ஏலாது. மண்டபத்தைப் பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். சுருக்கினால் கூத்துக் கெட்டுவிடும் என்று சிலர் சண்டை பிடிப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் கர்ணன் போர், இராவணேசன் என்று மேடையேற்றியபோதே விடிய விடிய ஆடின கூத்தைச் சுருக்கித்தானே ஆடினார்கள்? அவருடைய மாணவர் மௌனகுரு இராவணனாய் ஆடினதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லவேணும். இங்கே பிறந்த பிள்ளைகள் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடமாக்குவார்கள். ஒரு வருசம் பாரதக் கதை எடுத்தோம். அபிமன்யுவாய் ஆடினது பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை. சக்கர வியூகக் கட்டத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, “வெளியில வாற வழி தெரியாத பிள்ளையை ஏன் உள்ளுக்கு அனுப்பினவை?” என்று கேட்டாள். மத்தளம் நின்றுவிட்டது. பிற்பாட்டில் நின்ற அக்கா ஒருத்தி, 2009 இல் மகனைப் பறிகொடுத்தவ, மெதுவாய்ச் சுவரோரம் போய் இருந்துவிட்டா. அன்றைக்குப் பழக்கம் அதோடு சரி. ஆனால் அந்த அக்கா அத்தனை வருசமும் வாய்திறவாத கதையை அன்றிரவு தேத்தண்ணிக் கோப்பையோடு அந்தப் பிள்ளைக்கே சொன்னா. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எல்லாக் குழுவும் ஒன்றல்ல, அதையும் சொல்லவேணும். நான் முதலில் இருந்த குழு, யார் ராசா வேசம் கட்டுவது என்பதில் ஊர்ப்பிரிவு பார்த்தே உடைந்தது. “தம்பி எந்த ஊர்?” என்பதோடு நில்லாமல் “ஊரில எந்தப் பகுதி?” என்று தோண்டினால் சாதி பார்க்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ளும். அந்த இடம் வேண்டாம். வேறு குழு இருக்குது.

உம்முடைய மட்டக்களப்புப் பக்கத்தில் கூத்தின் இரண்டு ஆட்டமுறைகளான வடமோடியும் உண்டு, தென்மோடியும் உண்டு. உம்மை அறியாமல் அந்தத் தாளம் காதில் கிடக்கும். எங்கள் யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்கச் சனத்துக்கோ புனிதர் கதைகள்தான் கூத்து. இங்கே இரண்டு பக்கத்தாரும் ஒரே மண்டபத்தில் ஒருவர் பாட்டை ஒருவர் பழகுகிறோம். ஊரில் அது நடந்திருக்காது.

ஜனவரி இங்கே தமிழ் மரபுத் திங்கள், 2016 இல் மத்திய நாடாளுமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அந்த மேடைகளுக்கு எங்களுடைய குழுவில் செப்டம்பரிலேயே சட்டம் கொடுத்து, அதாவது யாருக்கு எந்த வேசம் என்று பாட்டைப் பிரித்துக் கொடுத்து, பழகத் தொடங்கிவிடுவோம். உம்முடைய அண்ணரிடம் அந்த நாளைக் கேட்டு வையும். முதல் நாளே போனால் பிற்பாட்டில் இடம் கிடைக்கும். தடித்த காலுறை கொண்டுபோம், மண்டபத் தரை சரியான குளிர்.