ஆங்கிலத்தில் முதல் கதைப்புத்தகம் எது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஆங்கிலம் வர நல்ல இலக்கியம் படிக்க ஆசை, எதில் தொடங்குவது? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி, எனக்குக் கடற்கரை ஊரான உவரி, அப்பா மீன் பிடிக்கிறவர். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. புத்தகத் திருவிழாவில் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' வாங்கினேன். மூன்று தடவை தொடங்கியும் நாலாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. எனக்கு ஆங்கிலம் வரவே வராதா?
– கல்லூரி மாணவி, உவரி

வரும் தங்கச்சி. அந்தப் புத்தகத்தை இப்போதைக்குப் பெட்டிக்குள் வையுங்கள், யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், ரெண்டு வருஷம் கழித்து ஆசையாக எடுப்பீர்கள். ஜேன் ஆஸ்டின் அதை வெளியிட்டது 1813-இல். கதை என்று பார்த்தால் நமக்கு அந்நியமே இல்லை, ஐந்து பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்கு அலையும் ஒரு தாயில் தொடங்குகிற கதை. ஆனால் வாக்கியங்கள் நீளம், போதாததற்கு வாயால் ஒன்று சொல்லி மனதில் வேறொன்று நினைக்கிற எழுத்து அது. புகழ்கிறாரா குத்துகிறாரா என்று தெரிய வேண்டுமானால் அந்த மொழியில் கொஞ்ச காலம் புழங்கியிருக்க வேண்டும். முதல் புத்தகமாக அதை எடுத்தால் யாராக இருந்தாலும் நாலாம் பக்கத்தில் நிற்கத்தான் செய்வார்கள்.

என்னிடம் யார் கேட்டாலும் ரெண்டு விஷயம் பார்க்கச் சொல்வேன். வாக்கியம் நேராக இருக்கிறதா, கதை நடக்கிற உலகம் உங்களுக்குப் பழக்கப்பட்டதா. புத்தகத்தின் பெருமையையும் பக்க எண்ணிக்கையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உவரிப் பெண்ணான உங்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஹெமிங்வேயின் 'தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ'. 1952-இல் வந்தது, நூறு பக்கத்தை ஒட்டிய சின்னப் புத்தகம். கியூபாவில் ஒரு கிழவர், 84 நாளாக ஒரு மீன்கூட அகப்படாமல் கடலுக்குப் போய்த் திரும்புகிறார். 85-ஆம் நாள் தனியாக வெகு தூரம் போகிறார், பெரிய மார்லின் ஒன்று தூண்டிலில் மாட்டுகிறது, அது படகை இழுத்துக்கொண்டே போகிறது. கடைசியில் சுறாக்கள் வருகின்றன. அவ்வளவுதான் கதை, ஆனால் படித்து முடித்தவர்கள் அந்தக் கிழவரை மறப்பதில்லை.

இதில் 'ஸ்கிஃப்' (சின்னப் படகு), 'ஓர்' (துடுப்பு), 'மாஸ்ட்' (பாய்மரம்), 'பெய்ட்' (தூண்டில் இரை), 'ஹார்பூன்' (எறியீட்டி) என்று வரும். மதுரையில் இருந்து படிக்கிற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறக்கும். உங்களுக்குச் சொல்தான் புதுசு, பொருள் சின்ன வயசிலிருந்து தெரியும். கயிறு கையை அறுக்கிறது என்று ஒரு வரி வந்தால் உங்கள் அப்பாவின் உள்ளங்கை ஞாபகம் வரும், பிறகு அந்த ஆங்கிலச் சொல் எங்கே போகப்போகிறது? உங்கள் ஊர்க்காரர் ஜோ டி குரூஸ் கடலோர மக்களைப் பற்றி எழுதிய 'ஆழி சூழ் உலகு' நாவலைப் படித்திருந்தால் இன்னும் நெருக்கமாக இருக்கும். நடுநடுவே பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றியும் பேச்சு வரும், சில ஸ்பானியச் சொற்களும் வரும். அதெல்லாம் புரியாவிட்டால் தாண்டிப் போங்கள், கதைக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்ததாக ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி பேர்ல்', 1947. மெக்சிகோவில் முத்துக் குளிக்கிற ஒரு ஏழைக்குப் பெரிய முத்து கிடைக்கிறது, அதை விற்கப் போகிறான். வியாபாரிகள் பல பேர் தனித்தனிக் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் எல்லோருக்கும் பின்னால் ஒரே கைதான். நான் இதை முதலில் படித்தது திருச்செந்தூர் பாசஞ்சரில். எங்கள் தாத்தா பனை ஏறியவர், கருப்பட்டியைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் போனால் நாலு வியாபாரியும் பேசிவைத்த மாதிரி ஒரே விலை சொல்வார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த இடம் வந்தபோது எனக்கு ஆங்கிலம் படிக்கிறோம் என்ற நினைப்பே போய்விட்டது. நம் கொற்கையும் தூத்துக்குடியும் முத்துக் குளித்த ஊர்கள்தானே, அந்த வேதனை நமக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்.

கடையிலோ நூலகத்திலோ ஒரு புத்தகத்தை எடுத்தால் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படித்துப் பாருங்கள். சாதாரணமாக ஒரு பக்கத்தில் 250 சொல் இருக்கும். தெரியாத சொல் ஐந்துக்குள் என்றால் துணிந்து எடுக்கலாம். நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருந்தால்தான் துணை இல்லாமல் ஓடும் என்று சொல்லறிவை ஆராய்ந்த பால் நேஷன் போன்றவர்களும் சொல்கிறார்கள், கணக்குப் பார்த்தால் ரெண்டும் ஒன்றுதான். உங்களுக்குப் பழகிய உலகம் என்றால் பத்து வரைகூடப் போகலாம், இது என் அனுபவம்.

அண்ணாச்சி, பீடி சுற்றித்தான் பிள்ளையைப் படிக்க வைக்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு. பெரிய நாவல்களைச் சின்னதாக்கிக் கடையில் விற்கிறார்களே, அதை வாங்கிக் கொடுத்தால் பிரயோஜனம் உண்டா? முழுசு படிக்காவிட்டால் படித்த மாதிரி ஆகாது என்கிறார்கள்.
– ஒரு தாய், முக்கூடல்

தாராளமாக வாங்கலாம் அக்கா, ஆனால் ரெண்டு வகை இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஒன்று, பழைய நாவலில் அங்கங்கே வெட்டிக் குறைத்தது. பக்கம் குறையும், வாக்கியம் அதே பழைய வாக்கியம்தான், பிள்ளைக்கு ஒரு சுலபமும் இல்லை. மற்றது, படிக்கிறவர்களின் நிலைக்குத் தக்கபடி புதிதாக எழுதியது. ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் என்ற வரிசை அப்படிப்பட்டது, முதல் நிலைக்கு 400 அடிச்சொல், இரண்டுக்கு 700, மூன்றுக்கு 1000, ஆறாவது நிலையில் 2500. கோ, கோஸ், வென்ட் எல்லாம் சேர்த்து ஒரு அடிச்சொல் என்று கணக்கு. பெங்குவின் ரீடர்ஸும் இதே போலத்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளை முதல் நிலையில் தொடங்கட்டும், தெரியாத சொல்லே வரவில்லை என்றால் அடுத்ததற்குப் போகட்டும்.

விலை கூடுதலாகத் தோன்றினால் வாங்கவே வேண்டாம். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகி எடுத்துப் படிக்கலாம், உங்கள் ஊர் நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். முழுசு படித்தால்தான் படிப்பு என்று சொல்கிறவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். ராமாயணத்தை நாம் எல்லோரும் முதலில் கம்பனிடமா கேட்டோம், ஆச்சியிடம்தானே கேட்டோம்.

குழந்தைகளுக்காக எழுதியது என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டும் நம்பி வாங்க வேண்டாம். சார்ல்ஸ் லாமும் அவர் அக்கா மேரியும் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பிள்ளைகளுக்காகக் கதையாக எழுதினார்கள், 1807-இல். அந்தக் காலப் பிள்ளைகளுக்கு அது சுலபம், இன்றைக்கு நமக்கு அந்த வாக்கியங்கள் ரொம்ப நீளம்.

சார், சனிக்கிழமைதோறும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கதை வாசிக்கிறேன். சின்னக் கதைதானே என்று ஓ. ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை' எடுத்தேன். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கே தவறினேன்?
– ஆசிரியை, வள்ளியூர்

டீச்சர், நீங்கள் எடுத்தது அருமையான கதை, எனக்கும் உயிர். ஆனால் ஓ. ஹென்றிக்குப் பெரிய பெரிய சொற்களை வைத்து விளையாடுவதில் பிரியம். அந்தக் கதை ஒரு டாலர் 87 சென்ட் என்று எளிமையாகத்தான் தொடங்கும், அந்த முதல் பத்தி முடிவதற்குள்ளேயே 'இம்ப்யூடேஷன்', 'பார்ஸிமொனி' என்று வந்துவிடும். கதை நாலைந்து பக்கம்தான், சொற்களோ கல்லூரிக்கானவை. அடுத்த சனிக்கிழமை கதையை முதலில் தமிழில் சொல்லிவிடுங்கள், அவள் முடியை விற்றாள், அவன் கடிகாரத்தை விற்றான் என்பது வரைக்கும். பிறகு கடைசி ஒரு பக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் வாசியுங்கள்.

தொடர்ந்து வாசிக்க என்றால் ஆர். கே. நாராயணின் 'ஸ்வாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்', 1935. முதல் அத்தியாயத்தின் தலைப்பே திங்கட்கிழமை காலை என்பதுதான், பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத பையனுக்குத் திங்கட்கிழமை எப்படி விடியும் என்று உங்கள் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கிரிக்கெட் குழு உண்டு, கண்டிப்பான அப்பா உண்டு, கதை சொல்கிற பாட்டி உண்டு. வாக்கியம் சுத்தமாக, நேராக இருக்கும்.

வட்டாரப் பேச்சு நிறைந்த புத்தகங்களை இப்போதைக்குத் தொட வேண்டாம். 'ஹக்கிள்பெரி ஃபின்' பெரிய படைப்பு, ஆனால் சொல்லை எல்லாம் பேச்சில் ஒலிக்கிறபடியே எழுதியிருப்பார் மார்க் ட்வைன். 'தி சீக்ரெட் கார்டன்' சிறுவர் கதைதான், அதிலும் யார்க்ஷயர் பேச்சு புகுந்துவிடும். தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரரிடம் முதல் நாளே "என்னவே, எங்க போறீரு" என்று நம் ஊர்ப் பேச்சில் எழுதிய கதையைக் கொடுத்தால் எப்படி முழிப்பாரோ அப்படித்தான்.

தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வயது 66. ஆங்கிலப் பேப்பர் தட்டுத் தடுமாறிப் படிப்பேன். இந்த வயதில் இலக்கியம் படிக்க முடியுமா? 'தௌ', 'தீ' என்றெல்லாம் வருகிறதே, அது எந்த ஆங்கிலம்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பேப்பர் படிக்கிறீர்கள் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று ஐயா. உங்களுக்கு நான் சொல்வது டால்ஸ்டாய். ரஷ்ய மொழிக்காரர்தான், ஆனால் சாதாரண மக்களுக்கென்றே அவர் எழுதிய சின்னக் கதைகளை மாட் தம்பதி அழகான எளிய ஆங்கிலத்தில் பெயர்த்திருக்கிறார்கள். ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று ஒரு கதை, 1886-இல் வந்தது. சூரியன் உதித்து மறைவதற்குள் எவ்வளவு தூரம் சுற்றி நடந்து தொடங்கிய இடத்துக்கே வருகிறாயோ அவ்வளவும் உனக்கு என்கிறார்கள் ஒரு விவசாயியிடம். தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு வரப்புக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்கு நடந்த கதையெல்லாம் பார்த்த ஊர் அது, உங்களுக்கு ஒரு குறிப்பும் தேவைப்படாது.

'தௌ' என்றால் நீ, 'தீ' என்றால் உன்னை, உனக்கு. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இருந்தது, 'தௌ' நீ, 'யூ' நீங்கள். நாளாக நாளாக 'தௌ' வழக்கொழிந்து எல்லோருக்கும் 'யூ' என்றாகிவிட்டது. 'ஹாத்' என்றால் 'ஹாஸ்'. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் இதெல்லாம் நிறைய வரும். ஆஸ்கார் வைல்டின் 'தி செல்ஃபிஷ் ஜயன்ட்' (1888) முழுக்க எளிய ஆங்கிலம், கடைசியில் மட்டும் குழந்தையிடம் அரக்கன் பேசுகிற இடத்தில் இந்தப் பழைய சொற்கள் வரும், வேண்டுமென்றே வைத்தவை. இப்போது அர்த்தம் தெரிந்துவிட்டதால் அந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள், எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

டால்ஸ்டாய், வைல்ட் ரெண்டு பேருமே ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசம், செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். லிப்ரிவாக்ஸ் என்ற தளத்தில் யாராவது வாசித்த ஒலிப்பதிவு இருக்கும், காதில் கேட்டுக்கொண்டே கண்ணால் தொடர்ந்தால் உச்சரிப்பும் வந்துவிடும்.

தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்க்க வேண்டுமா?
– வாசகர், களக்காடு

வேண்டாம். ஒரே சொல் மூன்றாம் தடவை வந்து வழியை மறித்தால் பாருங்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பை முதலில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போவது ஏமாற்று வேலையா?
– வாசகி, பத்தமடை

யார் சொன்னது? கதை முன்பே தெரிந்திருந்தால் பயம் போய்விடும், கவனம் முழுக்க மொழியில் நிற்கும். நம் ஆட்களில் பலர் இப்படித்தான் படித்தார்கள், நானும் அப்படித்தான்.

நம் ஊரைப் பற்றியே ஆங்கிலத்தில் எழுதிய பழைய நாவல் ஏதாவது உண்டா அண்ணாச்சி?
– வாசகர், மேலப்பாளையம்

இருக்கிறது, பக்கத்துப் பாளையங்கோட்டையே அதில் வருகிறது. அ. மாதவையா 1915-இல் எழுதிய 'கிளாரிந்தா'. பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று சொல்கிறோமே, 1785-இல் எழுந்த அந்தத் தேவாலயத்தைக் கட்டிய பெண்மணியின் வாழ்க்கையை ஒட்டிய நாவல். மாதவையாவும் நம் சீமைக்காரர், பெருங்குளத்தில் பிறந்தவர். ஆங்கிலம் நூறு வருஷத்துக்கு முந்தியது, அதனால் முதல் புத்தகமாக வேண்டாம். மேலே சொன்னதில் நாலைந்தை முடித்துவிட்டு எடுங்கள், தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது, ரெண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம். படிக்கும் முன்பு ஒரு நாள் சாயங்காலம் அந்தக் கோயில் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.