பெருங்காயம் எந்த நாட்டுச் சரக்கு?

கேள்வி: பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது என்கிறார் கீழமாசி வீதிக் கடைக்காரர். ஆனால் டப்பாவில் அந்த நாட்டின் பெயரே இல்லை. பேரீச்சம்பழப் பாக்கெட்டில் மட்டும் ஈராக் என்று போட்டிருக்கிறது. டப்பாக்காரர் ஏமாற்றுகிறாரா?
- ஒரு வாசகி, செல்லூர்

பதில்: இல்லைங்க, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. இறக்குமதி உணவு என்றால் எந்த நாட்டுச் சரக்கு என்று பாக்கெட்டில் போட்டே ஆக வேண்டும். ஆனால் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2020 லேபிள் விதிகளில் இன்னொன்றும் உண்டு: ஒரு பொருள் இரண்டாவது நாட்டில் பதப்படுத்தப்பட்டு அதன் தன்மையே மாறிவிட்டால், பதப்படுத்திய நாடுதான் அதன் சொந்த நாடு. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வருவது வெறும் பிசின். அதை இங்கே மாவும் கோந்தும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக்கி விற்கிறார்கள், அதோடு அது இந்தியப் பொருளாகிவிடுகிறது. டப்பாவைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமுள்ளது முதலில் வர வேண்டும் என்பது விதி. பல டப்பாக்களில் மாவோ கோந்தோதான் முதலில் நிற்கும், பெருங்காயம் பின்னால்தான். (நாம் காசு கொடுப்பது எதற்கு என்று அங்கேயே தெரிந்துவிடும்!)

பேரீச்சை அப்படியில்லை, இங்கே வந்து பொட்டலம் மாறினாலும் பழம் பழம்தானே. அதனால்தான் ஈராக் பெயர் அப்படியே நிற்கிறது. கூடவே இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, 14 இலக்க லைசென்ஸ் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் சொல்லலாம்.

கேள்வி: மூட்டையிலிருந்து எடை போட்டுத் தரும் பர்மா உளுந்துக்கு?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: பாக்கெட்டே இல்லை, அப்புறம் பாக்கெட் விதி எங்கே வரும்? கடைக்காரர் வாயால் சொல்வதுதான் லேபிள். சந்தேகம் இருந்தால் மூட்டையைக் காட்டச் சொல்லுங்கள், தெரிந்த கடை என்றால் காட்டுவார். ஆன்லைனில் இறக்குமதிப் பாக்கெட் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, எந்த நாட்டுப் பொருள் என்பதை விற்பனைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று எடையளவுச் சட்ட விதிகள் சொல்கின்றன.

கேள்வி: பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள்தானே?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: கிடையாது. அந்த எண்ணை வாங்கிய கம்பெனி இந்தியாவில் பதிவு செய்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது எங்கே விளைந்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.