இலைக்கு மேலே ஒரு பேன், அடியில் ஒரு பேன்

கேள்வி: மரவள்ளி இலை வெள்ளைப் புள்ளி விழுந்து வெளிறுகிறது. மேற்புறத்திலும் சிலந்திப்பேன், அடியிலும் சிலந்திப்பேன். இரண்டும் ஒரே இனமா? செல்போனில் எடுத்த படம் அனுப்பியுள்ளேன்.
– விவசாயி, ஆத்தூர்

பதில்: சிலந்திப்பேன் இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய எட்டுக்கால் உயிர். நீங்கள் பார்த்த இரண்டும் ஒரே இனமாக இருக்க வாய்ப்பு குறைவு. மரவள்ளியில் இலையடியில் நூலாம்படை கட்டி வாழ்வது பெரும்பாலும் டெட்ரானிக்கஸ் பேரினம் (நெருங்கிய பல இனங்கள் சேர்ந்த தொகுதி). மேற்புறத்தில் மேய்வது யூடெட்ரானிக்கஸ் ஓரியண்டாலிஸ் அல்லது ஒலிகோனிக்கஸ் பிஹாரென்சிஸ். பத்து மடங்கு லென்ஸில் முட்டையைப் பாருங்கள். டெட்ரானிக்கஸ் முட்டை உருண்டை. யூடெட்ரானிக்கஸ் முட்டை தட்டையாக இலையோடு ஒட்டிக் கிடக்கும்.

படத்தை வைத்து இனம் சொல்ல முடியாது. நிறத்தையும் நம்ப வேண்டாம். இருபுள்ளிச் சிலந்திப்பேனான டெட்ரானிக்கஸ் உர்ட்டிகேயில் பச்சையும் உண்டு, சிவப்பும் உண்டு. மருந்தடிக்கும்போது இனப்பெயரைவிட இலையின் எந்தப் பக்கம் என்பதே முக்கியம். அடிப்பக்கம் நனையாவிட்டால் டெட்ரானிக்கஸ் தப்பிவிடும். சிந்தடிக் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி மட்டும் வேண்டாம். பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்து, பேன் முன்பைவிடப் பெருகும்.

கேள்வி: கத்தரியில் எடுத்த பேன்களை ஆல்கஹாலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ‘பெண்கள் மட்டுமே உள்ளன, இனம் சொல்ல இயலாது’ என்று பதில் வந்தது. ஏன்?
– வேளாண் மாணவி, மதுரை

பதில்: சரியான பதில்தான். டெட்ரானிக்கஸில் பல இனங்களின் பெண்கள் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துக் காட்டுவது ஆணின் இனச்சேர்க்கை உறுப்பு. அதன் நுனிக் குமிழின் வடிவமும் சாய்வும்தான் அடையாளம். பெண்ணைக் கொண்டு பேரினம் பார்க்கலாம். கால் நுனியிலுள்ள எம்போடியம் ஒலிகோனிக்கஸில் நகம்போல் வளைந்திருக்கும், டெட்ரானிக்கஸில் மயிரிழைகளாகப் பிரிந்திருக்கும்.

ஆண் சிறியது, பின்பக்கம் கூம்பியிருக்கும். தேடுவதற்கு ஒரு வழி: கடைசித் தோலுரிப்புக்கு முன் அசையாமல் கிடக்கும் பெண்ணைப் பாருங்கள், பக்கத்திலேயே ஆண் காவலிருக்கும். ஈரமான மெல்லிய தூரிகையால் தொட்டு எடுத்து 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். லேபிளைப் பென்சிலால் எழுதுங்கள், மை கரைந்துவிடும்.

நுண்ணோக்கியில் பார்க்கப் பேனை ஸ்லைடில் பதிக்க உதவுவது ஹோயர் கரைசல்: காய்ச்சி வடித்த நீர் 50 மில்லி, கருவேலம் பிசின் 30 கிராம், குளோரல் ஹைட்ரேட் 200 கிராம், கிளிசரின் 20 மில்லி. இதே வரிசையில், ஒவ்வொன்றும் முழுதாகக் கரைந்தபின் அடுத்ததைச் சேர்த்து வடிகட்டுங்கள். குளோரல் ஹைட்ரேட் நஞ்சு; வழிகாட்டி இல்லாமல் தொடாதீர்கள்.

பெண்ணை முதுகு மேலாக வைக்கலாம். ஆணை ஒரு ஸ்லைடுக்கு ஒன்றாக, பக்கவாட்டில்தான் படுக்கவைக்க வேண்டும். கவர் ஸ்லிப்பை ஊசியால் மெல்ல நகர்த்தினால் உருண்டு பக்கவாட்டுக்கு வரும். கொஞ்சம் சாய்ந்தாலும் குமிழ் வேறு வடிவமாகத் தெரிந்து, பெயர் மாறிப்போகும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ஸ்லைடை 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு வாரம் உலர்த்தி, ஓரத்தை நகப்பூச்சால் அடையுங்கள். இல்லையென்றால் கரைசல் ஈரம் இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: மிளகாய்க் கொழுந்து கீழ்நோக்கிச் சுருள்கிறது. இதுவும் சிலந்திப்பேனா?
– வாசகர், விளாத்திகுளம்

பதில்: இல்லை. அது மஞ்சள் முரணைச் சிலந்தி, வேறு குடும்பம், நூலாம்படை கட்டாது. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனை (த்ரிப்ஸ் என்னும் பூச்சி) சந்தேகியுங்கள்.