‘மேக்’ பட்டியல் தர மறுப்பது ஏன்?

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ‘டூ எ மிஸ்டேக்’ என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். ‘செய்’ என்றால் ‘டூ’தானே? ‘மேக்’ வரும் தொடர்களை எல்லாம் பட்டியலாக வெளியிட்டால் மனப்பாடம் செய்ய வைப்பேன்.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பட்டியல் வெளியிட மாட்டோம், அது உங்கள் மகளுக்கு உதவாது. எழுத உட்காரும் பிள்ளைக்கு முதலில் நினைவுக்கு வருவது பெயர்ச்சொல்லே. ‘மிஸ்டேக்’ என்பது மனத்தில் எழும்போதே அதற்குரிய வினையும் உடன் எழ வேண்டுமானால், அச்சொல்லைக் கற்ற அன்றே ‘மேக் எ மிஸ்டேக்’ என்று முழுத் தொடராகக் கற்றிருக்க வேண்டும். ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த ஹெரால்ட் பாமர், 1933இல் டோக்கியோவில் இத்தகைய தொடர்களைத் தொகுத்தபோது வற்புறுத்தியதும் இதையே.

‘செய்’ என்றால் ‘டூ’ என்ற கணக்கும் தவறு. நாம் தவறு செய்கிறோம், முடிவு எடுக்கிறோம், சத்தம் போடுகிறோம், பணம் சம்பாதிக்கிறோம். இவை அனைத்துக்கும் ஆங்கிலத்தில் ‘மேக்’ வரும். (முடிவுக்கு மட்டும் பிரிட்டனில் ‘டேக்’ என்பதும் வழக்கில் உண்டு.) புதிதாக ஒன்றை உருவாக்கினால் ‘மேக்’, செயலை நிகழ்த்தினால் ‘டூ’ என்று சிலர் சொல்லித்தரும் விதி கேக்குக்கும் நாற்காலிக்கும் பொருந்துமே தவிர, ‘மேக் த பெட்’ என்பதற்குப் பொருந்தாது, காலையில் எழுந்து படுக்கையை ஒழுங்குபடுத்துவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

உங்கள் மகள் தமிழ்ப் பாடத்தில் வினைமரபு படித்திருப்பாள். கூடை முடைந்தான், பானை வனைந்தான், பூக் கொய்தாள் என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கூடை செய்தான்’ என்று எழுதினால் பொருள் விளங்கும். ஆயினும் மரபு வழுவென்று தமிழாசிரியர் திருத்துவார். அதை ஏற்கும் நாம், ஆங்கிலத்துக்கும் அப்படியொரு மரபு உண்டென்பதை மறந்து, கனவு காண்பதை ‘சீ எ ட்ரீம்’ என்றும், விளக்கைப் போடுவதை ‘புட் த லைட்’ என்றும் பெயர்த்துவிடுகிறோம். இங்கே பிள்ளையின் அறிவில் குறையில்லை. சொல்லைத் தனியாகப் பிய்த்துக் கற்பித்த நம்மிடமே குறை இருக்கிறது.

மாணவர்க்கான ஆங்கில அகராதி ஒன்றில் ‘மேக்’ பக்கத்தை விட்டுவிட்டு ‘மிஸ்டேக்’ பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டு வாக்கியத்தில் உரிய வினை இருக்கும். அந்த வாக்கியத்தை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அதே தொடரை வைத்துத் தன் வாழ்வில் நடந்த ஒன்றைப் பற்றி மேலும் ஒரு வாக்கியம் அவளே எழுதட்டும்.