ஏழு லட்சம் கொடுத்து சைக்காலஜி எம்.எஸ்சி. சேரவா, ஒரு வருடம் பொறுக்கவா?

கேள்வி: வணக்கம் சார். எங்கள் ஊர் மதுரை திருமங்கலம் பக்கம். பி.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டேன், க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டும் என்பது ஆசை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வு சியூஇடி எழுதினேன், மார்க் பத்தவில்லை. சென்னையில் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. க்ளினிக்கல் சைக்காலஜி சீட் வந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஃபீஸ் 4.80 லட்சம், ஹாஸ்டலும் மெஸ்ஸும் 2.40 லட்சம். அப்பா கீழமாசி வீதியில் ஒரு பருப்புக் கடையில் கணக்கு எழுதுகிறார், கையில் 1.70 லட்சம் இருக்கிறது. மீதிக்கு லோன் போடலாம், இல்லையென்றால் அம்மாவின் எட்டுப் பவுனை அடகு வைக்கலாம் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் 50,000 கட்டச் சொல்கிறார்கள். இங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் மாதம் 12,000 சம்பளத்துக்கு வேலையும் இருக்கிறது. என் சீனியர் ஒருவர் எம்.எஸ்சி. முடித்து ஸ்கூல் கவுன்சலராக 18,000 வாங்குகிறார். சேரவா, அடுத்த வருடம் பார்க்கவா?

பதில்: பணம் கட்டுவதற்கு முன்னால் காலேஜுக்கு போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கம்மா: “இந்தக் கோர்ஸுக்கு ஆர்சிஐ அனுமதி இருக்கிறதா, அந்தக் கடிதத்தை அனுப்ப முடியுமா?”

இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்சிஐ, 1992 சட்டப்படி நடப்பது. அதன் பதிவு எண் இல்லாமல் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. பட்டத்தின் பெயரில் ‘க்ளினிக்கல்’ இருப்பதால் மட்டும் அந்த எண் வந்துவிடாது, இது தெரியாமலேயே நிறையப் பேர் சேர்ந்துவிடுகிறார்கள், காலேஜ்காரர்களும் அவர்களாக வாயைத் திறந்து சொல்வதில்லை. முன்பெல்லாம் எம்.எஸ்சி. முடித்து எம்.ஃபில் சேர்ந்து பதிவு வாங்குவார்கள். அதற்கும் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2025-26 வரைதான் நீட்டிப்பு கொடுத்தது. அதனால் “முதலில் எம்.எஸ்சி. முடி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால், அந்த அப்புறம் எந்தக் கோர்ஸ், எவ்வளவு ஃபீஸ் என்றும் கேளுங்கள். இந்த 7.20 லட்சம் பாதி வழிக்கான செலவாகக்கூட இருக்கலாம்.

இப்போது கணக்கு. அப்பா பணம் போக 5.50 லட்சம் லோன். 7.5 லட்சம் வரை கல்விக் கடனுக்கு பேங்குகள் பொதுவாக சொத்து ஜாமீன் கேட்பதில்லை, கிடைத்துவிடும். பிரச்சினை திருப்பிக் கட்டுவதில். 10.5% வட்டி, முதல் வருடம் பாதி, இரண்டாம் வருடம் பாதி என்று பணம் வாங்குகிறீர்கள், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை ஆரம்பிக்கிறது என்று வையுங்கள். அதற்குள் சாதாரண வட்டியே ஏறக்குறைய 1.44 லட்சம் சேர்ந்து, கடன் 6.94 லட்சமாக நிற்கும். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் 11,700 ரூபாய். உங்கள் சீனியர் வாங்கும் 18,000ல் இதைக் கட்டினால் மிச்சம் 6,300, அதில் வீட்டுக்கு என்ன கொடுப்பீர்கள், பஸ்ஸுக்கு என்ன வைப்பீர்கள்?

எட்டுப் பவுனைத் தொடவே வேண்டாம். நகைக்கடன் பொதுவாக ஒரு வருடத்தில் மீட்க வேண்டியது, இல்லையென்றால் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டியது. உங்களுக்குச் சம்பளம் வரவே குறைந்தது இரண்டு வருடம் ஆகும். நடுவில் வட்டி தவறினால் நகை ஏலம் வரை போகக்கூடும்.

ஆகவே ஆர்சிஐ கடிதம் இல்லையென்றால் இந்த சீட்டை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சும்மா வீட்டில் உட்கார்ந்து மறுபடி அதே ஒரு பரீட்சையை எழுதுவது என்றால் அதில் எனக்கு உடன்பாடில்லை. போன தடவை சியூஇடியை மட்டும் நம்பியிருந்தது போலத் தெரிகிறது. அடுத்த தடவை பாண்டிச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தோடு சென்னை, பாரதியார், அண்ணாமலை, பெரியார் பல்கலைக்கழகங்களுக்கும் போடுங்கள், இவற்றில் ஃபீஸ் தனியாரைவிட மிகக் குறைவு, ஆனால் அங்கேயும் அதே ஆர்சிஐ கேள்வியைக் கேளுங்கள். சியூஇடி முதுகலைத் தேர்வு மார்ச்சில் வரும், விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே ஆரம்பித்துவிடும். தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும் என்பதால் தெரியாத கேள்வியைக் குருட்டாம்போக்கில் அடிக்காதீர்கள். ஒரு வருடம் வீணாகுமே என்று அப்பா கவலைப்படுவார். அந்த ஒரு வருடத் தாமதத்தின் விலை, 18,000 சம்பளக் கணக்கில், சுமார் 2.16 லட்சம். நீங்கள் தவிர்க்கும் கடன் அதைவிடப் பெரிது, போதாததற்கு 12,000 சம்பளமும் வரும். அதில் மாதம் 6,000 ஆர்டி போட்டால் பத்து மாதத்தில் 60,000 அசல் உங்கள் கையில்.

தபால் வழியில் படித்துவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூர வழியில் நடத்த யுஜிசி தடை போட்டுவிட்டது.

காலேஜ் அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் என் பதில் மாறும். காட்டினால் உடனே நம்பிவிடாமல், ஆர்சிஐ இணையதளத்தில் உள்ள பட்டியலில் அந்தக் காலேஜ், அந்தக் கோர்ஸ், நீங்கள் சேரும் கல்வியாண்டு மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் சேரலாம், கடன் பாரம்தான், ஆனால் பதிவு எண்ணுக்கு வழி இருக்கும். அப்போதும் 50,000 கட்டும் முன் ஆஃபர் லெட்டரில் பணம் திரும்பத் தரும் பகுதியைப் படித்துவிடுங்கள். யுஜிசியின் 2018 விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் சின்னப் பிடித்தம் போக முழு ஃபீஸும் திரும்ப வர வேண்டும். கடைசித் தேதி தாண்டி 30 நாள் ஆகிவிட்டால் ஒன்றும் வராது. அந்தக் கடைசித் தேதி எது என்று ஈமெயிலில் எழுதி வாங்குங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைச் சரிபார்த்துவிட்டு உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே விதிதான், “இங்கேயே இருக்கட்டும்” என்றால் விட்டுவிட்டு வராதீர்கள்.