டைனோ காகிதமும் மலைக்காற்றும்: கேள்வி-பதில்

ஊட்டி போனாலே என் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் திணறுகிறது. கோளாறா? (ஈரோடு)

இல்லை. மேலே போகப் போகக் காற்று மெலியும். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி) இல்லாத இன்ஜின் 100 மீட்டர் ஏறினால் சுமார் 1 சதவீதம் சக்தியை இழக்கும். ஊட்டி 2,240 மீட்டர். கீழே 80 குதிரைத்திறன் தரும் வண்டி அங்கே 60 சொச்சம்தான் தரும்.

மலையில் காற்று குளிர்ச்சிதானே, அது ஈடுகட்டாதா? (திருப்பூர்)

10 டிகிரி குறைந்தால் 2, 3 சதவீதம் மீளும். உயரத்தில் போனது 20-க்கும் மேல்.

கொடைக்கானலில் பிக்கப் இல்லை. மெக்கானிக் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்றச் சொல்கிறார். (மதுரை)

என்ன கார், பெட்ரோலா டீசலா, மலையடிவாரத்து வத்தலக்குண்டில் எப்படி ஓடுகிறது, எதையுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வது? கீழே இறங்கியதும் சரியாகிவிட்டால் இன்ஜெக்டரில் கை வைக்க விடாதீர்கள்.

பெங்களூரு டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் இயந்திரம்) என் டர்போ கார் 149 குதிரைத்திறன் காட்டியது. சென்னை நண்பரின் அதே கார் 134. என் இன்ஜின் உசத்தியா?

இரண்டும் ஒன்றுதான். நீங்கள் அனுப்பிய காகிதத்தின் மூலையைப் பாருங்கள்: கரெக்‌ஷன் 1.14. அதாவது அளந்த எண்ணை 1.14-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். டைனோ உண்மையில் அளந்தது 131. நண்பருக்கு 1.03 போட்டிருக்கிறது, அளந்தது 130.

பெங்களூரு 900 மீட்டர் உயரம். கடலோரத்தில் 1,013 மில்லிபார் இருக்கும் காற்றழுத்தம் அங்கே 910 அளவில்தான். எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) கணக்கு 25 டிகிரி, 990 மில்லிபார் உலர்காற்று என்று வைத்துக்கொண்டு, குறைந்ததை மென்பொருள் வழியாகக் கூட்டித் தருகிறது. டர்போ இல்லாத காருக்கு அது நியாயம். டர்போ காரில் இ.சி.யு. (இன்ஜினின் கணினி) மேனிஃபோல்டின், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின், மொத்த அழுத்தத்தைப் பார்த்து, டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றி, குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. இழக்காத சக்திக்கு ஈடு எதற்கு? இந்த எண்ணைக் காட்டித்தான் ரீமேப்புக்கு (இ.சி.யு. மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டும் வேலை) பணம் வாங்குகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

ஒரு பட்டறையில் நானே பார்த்தேன். வெப்பநிலை சென்சார் ரேடியேட்டர் பக்கத்தில் ஒயரோடு தொங்கியது. அறையில் 30 டிகிரி, அது காட்டியது 48. சூடான காற்றுக்கும் மென்பொருள் ஈடு கூட்டும்; அதிலேயே 3 சதவீதம் கூடிவிட்டது. எஸ்.ஏ.இ.-க்குப் பதில் மென்பொருளில் பழைய 'ஸ்டாண்டர்ட்' கணக்கைத் தட்டினால் இன்னொரு 4 சதவீதம். அதனால் எப்போதும் சொல்வதையே சொல்கிறேன்: கரெக்‌ஷன் இல்லாத காகிதத்தையும் கேட்டு வாங்குங்கள். ரீமேப்புக்கு முன்னும் பின்னும் அதே டைனோ, அதே நாள்.

குன்னூரில் என் பழைய கார்புரேட்டர் வண்டி பெட்ரோல் வாடை அடிக்கிறது.

காற்று மெலிந்து கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகிவிட்டது. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும். அங்கேயே குடியிருப்பவர் என்றால் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) ஒரு சைஸ் குறையுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் முன் பழைய ஜெட்டைத் திரும்பப் போடுங்கள். சமவெளியில் லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓட்டினால் பிஸ்டன் தாங்காது.