கட்டுவிரியன் கடித்து மூச்சு நின்றவரை வென்டிலேட்டர் இல்லாத ஆஸ்பத்திரியில் காப்பாற்ற முடியுமா?
முடியும். வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் ராத்திரி தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் கட்டுவிரியன் அதிகம் கடிக்கிறது. பல சமயம் கடிவாய்கூடத் தெரியாது. முதலில் வயிற்றுவலி, அப்புறம் கண் இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் முடங்கும்.

நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் பெரிய நம்பிக்கை. தொண்டையில் குழாய் போட்டு, முடியாவிட்டால் முகமூடி வைத்தாவது, ஆம்பு பையை (கையால் அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தும் பை) 5, 6 நொடிக்கு ஒருமுறை மார்பு லேசாக உயரும் அளவுக்கு அழுத்த வேண்டும். கை வலித்தால் ஆள் மாறலாம், நிறுத்தக் கூடாது. வெறும் ஆக்சிஜன் வைத்துவிட்டுக் காத்திருந்தால் உயிர் போய்விடும்.

விஷமுறிவு மருந்து 8 முதல் 10 குப்பி உடனே ஏற்ற வேண்டும். ஆனால் ஏற்கெனவே முடங்கிய தசையை அது சட்டென்று மீட்காது. ஆகவே திருவாரூர் மருத்துவக் கல்லூரி போய்ச் சேரும்வரை 108 வண்டியிலும் பையை அழுத்த வேண்டும். கண் பாவை விரிந்து அசையாமல் கிடந்தாலும் இறந்துவிட்டார் என்று தயவுசெய்து முடிவுகட்டாதீர்கள். அவருக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டிருக்கலாம்.